எலுமிச்சம்பழத்து மேல ஏறுன பவர் ஸ்டியரிங்

பழைய வண்டி ஒண்ணுக்கு பவர் ஸ்டியரிங் மாட்டணும். அவ்ளோதான் வேல.

வண்டின்னா சாதா வண்டி இல்ல. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, நீட்டு மூஞ்சி வெச்ச அந்தக் காலத்து ஃபாரின் ஸ்போர்ட்ஸ் கார். மதுராந்தகத்துல ஒரு ரைஸ் மில்லு பின்னாடி அதுல கோழி அடைஞ்சிகினு இருந்துச்சு. கோழிய எறக்கிட்டு வண்டிய தூக்கிகினு வந்தேன். நாலு வருஷமா எங்க வூட்டு ஷெட்லதான் கீது.

என்னத் தெரியாதவங்களுக்கு ஒரு தகவல். நான் திருப்போரூர்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிகீறேன். பதினெட்டு வருஷமா ஊருக்கே லெஃப்ட்டு ரைட்டு சொல்லிக் குடுக்கறவன். இத கொஞ்சம் நெனப்புல வெச்சுக்கோங்க.

எஞ்சின் ரெடி ஆச்சு. டயரும் நல்லா அகலமா போட்டேன். போட்டதும் ஸ்டியரிங் திரும்பல. கால ஊணி பல்லக் கடிச்சா கால் ரவுண்டு வரும். ஒரு யூ டர்ன் அடிச்சா மறுநாள் தோள்பட்டைக்கு தைலம் தேய்க்கணும்.

எங்க வூட்டுக்காரம்மா கல்பனா ஏறி ஒக்காந்து ஒரு தடவ திருப்பிப் பாத்தா. எறங்கிட்டா.

"இன்னாங்க இது, காரா ஆட்டுக்கல்லா?"

"பழைய வண்டின்னா அப்டித்தான் இருக்கும்."

"ஆட்டுக்கல்லுன்னா நானே வெச்சுக்கறேன். இத வித்துட்டு ஷெட்ட காலி பண்ணுங்க. இட்லி மாவு கடை போடப் போறேன்."

நாலு வருஷம்! சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூட போவாம கார்பரேட்டர் தேடி அலைஞ்சிருக்கேன்.

கெஞ்சினேன். கடைசில ஒரு கண்டிஷன் போட்டா. "நான் ஓட்டற மாதிரி பண்ணுங்க. பூஜை போட்டுட்டு இங்கேருந்து மாபலிபுரத்துல எங்க அக்கா வூடு வரைக்கும் நான் ஓட்டிகினு போவணும். போய்ட்டா வண்டி இருக்கட்டும். இல்லன்னா ஷெட்டு எனக்கு."

கல்பனாகிட்ட லைசென்ஸ் கீது. ஆனா எங்கிட்ட கத்துகினது ரெண்டே நாள். மூணாவது நாள் எதிர் டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. நான் கத்தறது ஹாரனவிட ஜாஸ்தியாம்.

சரின்னு கேளம்பாக்கத்துல நம்ம மெக்கானிக் தஸ்தகீர் பாய்கிட்ட போனேன். பாய் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு வந்தாரு.

"வாத்யாரே, எலக்ட்ரிக் போட்டுருவோம். ஸ்டியரிங் ராடுல ஒரு சின்ன மோட்டாரு. கீழ இருக்கற எதையும் தொட வேணாம். ரெண்டு நாள் வேல."

நான் அதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீடியோ பாத்திருந்தேன். வீடியோ பாத்தவன் சும்மா இருப்பானா?

"வேணாம் பாய். ஆயில் பம்பு வெச்ச ஹைட்ராலிக்தான் வேணும். எலக்ட்ரிக்ல ரோடு ஃபீலு போயிடும்."

"எந்த ரோட்டு ஃபீலு?"

"நம்ம ரோடுதான்."

"நம்ம ரோட்ட எதுக்கு வாத்யாரே ஃபீல் பண்ணணும்? மறக்கத்தானே எல்லாரும் பாக்கறாங்க?"

நான் ஒத்துக்கல. ஒடைக்கப் போட்ட ஒரு காருலேருந்து ஹைட்ராலிக் பம்பு, அதோட சேந்த ஸ்டியரிங் ரேக்கு, ரெண்டையும் நானே போய் எடுத்துகினு வந்தேன். ரேக்குன்னா ஒண்ணும் இல்ல, ஸ்டியரிங்க சுத்துனா சக்கரத்த அந்தாண்ட இந்தாண்ட தள்ளற நீட்டு கம்பி.

"இது முன் சக்கரத்து அச்சுக்குப் பின்னாடி ஒக்காரணும் வாத்யாரே. உங்க வண்டில அங்க எஞ்சினோட ஆயில் தொட்டி இடிக்குது."

"முன்னாடி எடம் கீதுல்ல? முன்னாடி மாட்டுங்க."

பாய் என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "எதாவது மாறுமான்னு யோசிக்கணும்."

"முன்னாடி இன்னா, பின்னாடி இன்னா பாய்? சக்கரம் திரும்புனா போதாதா?"

மாட்டியாச்சு. ஜாக்கில தூக்கி டெஸ்டு பண்ணோம். பாய் உள்ள ஒக்காந்தாரு. நான் வண்டிக்கு எதிர்ல நின்னு, சக்கரத்தப் பாத்துகினே ஆர்டர் போட்டேன்.

"லெஃப்ட்டு!"

பாய் ஒத்த விரல்ல திருப்பினாரு. சக்கரம் அப்டியே வழுக்கிகினு என் எடது கை பக்கம் திரும்புச்சு.

"கரெக்ட்டு! ரைட்டு!"

என் வலது கை பக்கம் வந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவ்ளோ ஸ்மூத்து!

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரலாம் வாத்யாரே."

"பூஜைக்கு முன்னாடியா! புது ஸ்டியரிங் போட்டு மொத உருட்டு எலுமிச்சம்பழத்து மேலதான் பாய். எங்க வூட்ல அதுதான் பழக்கம்."

"உங்க இஷ்டம்."

ரெக்கவரி வண்டில ஏத்தி திருப்போரூர் கோயில் வாசல்ல எறக்குனோம். பலகைல நேரா எறங்குச்சு, நேரா நின்னுச்சு. என் ஸ்டூடண்ட்ஸ் ஆறு பேர வேற வரச் சொல்லியிருந்தேன். சார் வண்டிய பாக்கட்டுமேன்னு. ஆறு பேரும் போன தூக்கிகினு ரெடியா நின்னாங்க.

மால போட்டாங்க. சந்தனம் வெச்சாங்க. பூசணிக்கா ஒடைச்சாங்க. நாலு சக்கரத்துக்கும் கீழ எலுமிச்சம்பழம். குருக்கள் கற்பூரத் தட்டோட ரைட் சைடுல ஒதுங்கி நின்னுகினு, "மெதுவா எடுங்கோ"ன்னாரு.

எடுத்தேன். பழம் நாலும் நசுங்குச்சு. ஸ்டூடண்ட்ஸ் கை தட்டுனாங்க.

குருக்களுக்கு வழி வுட்டு லேசா லெஃப்ட்ல ஒடிச்சேன்.

வண்டி குருக்கள் பக்கம் போச்சு.

பத்தலபோலன்னு இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிச்சேன். இன்னும் கொஞ்சம் குருக்கள் பக்கம் போச்சு. அவரு ஒதுங்குனாரு. நான் பதறிப்போய் முழு லெஃப்ட்டு. ஒத்த விரல்ல திரும்பற ஸ்டியரிங்காச்சே! குருக்கள் தட்டோட ஓட ஆரம்பிச்சாரு. நான் பின்னாடியே போறேன். தொரத்தணும்னு எனக்கு ஒரு எண்ணமும் இல்ல.

"இன்னாய்யா, வேணும்னே பண்றியா!"ன்னு இளநீர் கடைக்காரரு கத்துனாரு. அடுத்து அவரு கடைதான். பிரேக்க மிதிச்சேன். இளநீர் குவியல்ல மூஞ்சி வெச்சு வண்டி நின்னுச்சு. ஒவ்வொரு காயா உருண்டு போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. கற்பூரம்கூட அணையல.

தஸ்தகீர் பாய் நெத்தில அடிச்சிகினு ஓடியாந்தாரு.

"அச்சுக்குப் பின்னாடி இருக்கறத முன்னாடி மாட்டுனா தெச மாறிடும் வாத்யாரே! லெஃப்ட்டு திருப்புனா ரைட்டு போவுது!"

"அன்னிக்கு டெஸ்டுல கரெக்ட்டா இருந்துச்சே?"

"நீங்க எதிர்ல நின்னீங்க. உங்க லெஃப்ட்டு, வண்டிக்கு ரைட்டு."

ஸ்டூடண்ட்ஸ் ஆறு பேரும் போன எறக்கவேல்ல.

கூட்டம் கூடிருச்சு. பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிக்குது. வண்டிய ரிவர்ஸ் எடுத்து ரோட்டு ஓரம் வெக்கணும். நான் ரெண்டு தடவ முயற்சி பண்ணேன். ரெண்டு தடவயும் இளநீர் கடைக்காரரு பலகைய தூக்கிகினு எடம் மாறுனாரு.

கல்பனா வந்து கதவத் தொறந்தா. "எறங்கி அந்தாண்ட ஒக்காருங்க."

"உன்னால முடியாது கல்பனா. எல்லாம் உல்ட்டாவா கீது."

"நீங்க சொல்லிகினே வாங்க."

ஸ்டியரிங்க புடிச்சா. நான் "லெஃப்ட்டு, லெஃப்ட்டு, இப்ப ரைட்டு"ன்னு கத்துனேன். ஒரே மூச்சுல ரிவர்ஸ் எடுத்து, மூணு பைக்குக்கு நடுவுல, ரோட்டு ஓரத்துல சாணு எடம் வுடாம நிறுத்திட்டா! கூட்டமே கை தட்டுச்சு. குருக்கள்கூட.

எனக்கு வாயே மூடல. "எப்டி?"

"நீங்க சொல்றதுக்கு நேரெதிரா செய்யறது எனக்கு இன்னா புதுசா?"

அப்பறம் பாய் மொதல்ல சொன்ன எலக்ட்ரிக்கயே மாட்டுனோம். ரெண்டே நாள். பூஜை மறுபடி இல்ல, குருக்கள் வரமாட்டேன்னுட்டாரு. கல்பனா ஜம்முனு மாபலிபுரம் ஓட்டிகினு போய் அக்கா வூட்டு வாசல்ல நிறுத்துனா. நான் பக்கத்துல வாய மூடிகினு கடலப் பாத்துகினு போனேன்.

வண்டி தப்பிச்சிருச்சு, ஷெட்லயேதான் கீது. சாவி மட்டும் கல்பனாகிட்ட.

கேட்டா குடுக்கறா. லெஃப்ட்டு கை எதுன்னு மொதல்ல காட்டச் சொல்றா.