புனரமைப்பு என்ற சொல்லால் எங்கள் சமையலறைக்கு நேர்ந்தது

பெருமதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அகரம் முதல் னகரம் வரை தங்கள் பொறுப்பில் உள்ள சொற்கள் அனைத்தும் நலமாக இருக்க விழைகிறேன். அவற்றுள் ஒன்று மட்டும் நலமாக இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

நான் நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். 'புனரமைப்பு' என்ற சொல்லை என் கையால் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ, எனக்கே தெரியாது. சாக்கடைப் புனரமைப்பு, கழிப்பிடப் புனரமைப்பு, புனரமைப்புக் குழுவின் புனரமைப்பு. அந்தச் சொல் ஏறிய கோப்பு எதுவும் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. சாதுவான சொல் என்று நம்பியிருந்தேன்.

நாங்கள் குடியிருப்பது ஒரே வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்த இரண்டு பாகங்களில் ஒன்று. மறு பாகத்தில் என் தம்பி குடும்பம். இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்; அதில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். வீட்டுக்காரருக்கு எழுதுங்கள் என்று மனைவி ஒரு மாதமாக நச்சரித்தாள். 'விரிசலைப் பூசித் தரவும்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்றவனுக்குக் கடிதம் எழுதுவதுதானே மிச்சமிருக்கும் உத்தியோகம். அவ்வளவு சுருக்கமாக விட மனம் வரவில்லை. தங்கள் அகராதியைப் புரட்டினேன். 'புனரமைப்பு: சீர்கெட்டதை மீண்டும் நல்ல நிலைக்குக் கொண்டுவருதல்' என்றிருந்தது. 'சமையலறைச் சுவரின் புனரமைப்பைக் கோருதல்' என்று தலைப்பிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

நாலாம் நாள் காலை, நான் செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது, ஒரு கொத்தனார் சம்மட்டியோடு வந்து சமையலறைச் சுவர் எது என்று கேட்டார். காட்டினேன். முதல் அடியில் விரிசல் போய்விட்டது. அது இருந்த இடமும் போய்விட்டது. பதறிப்போய், நான் கேட்டது புனரமைப்பு ஆயிற்றே என்றேன். அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, படித்தவர்களிடம் காட்டும் பொறுமையோடு விளக்கினார்.

"புனர்னா மறுபடியும்னுதானே சார் அர்த்தம்? மறுபடியும் கட்டணும்னா, இருக்கிறது முதல்ல போகணும்ல."

இலக்கணப்படி மறுக்க முடியவில்லை. மதியத்துக்குள் சுவரையே காணோம்.

இந்த இடத்தில் ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் நாலு வருடமாகப் பேச்சு கிடையாது. இரவல் போன இஸ்திரிப் பெட்டி அடி கருகித் திரும்பி வந்தது, ஏன் என்று கேட்டதற்குத் தம்பி மனைவி பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து நானும் தம்பியும் முடிதிருத்தகத்தில்தான் சந்தித்துக்கொள்கிறோம். இருவருக்குமே முடி அதிகம் இல்லாததால் அதுவும் சிரமம். இப்போது சுவர் போய், இவள் அடுப்பும் அவள் அடுப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. மனைவி பழைய படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டினாள். அரை மணியில் அந்தப் பக்கமிருந்தும் ஒரு விரிப்பு ஏறியது.

மறுநாள் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வாசலில் நின்று என்னை வைதுகொண்டிருந்தாள். வசவு நீளமானது, அதற்குள் பால் ஏறிவிட்டது. விரிப்புக்குப் பின்னாலிருந்து, யாரையும் விளிக்காமல் ஒரு குரல் வந்தது.

"பால் பொங்குது."

"தெரியும்" என்றாள் மனைவி, ஓடியபடியே. தெரியவே தெரியாது. அவள் போய்ச் சேர்வதற்குள் தம்பி மனைவி செங்கல் குவியலைத் தாண்டி வந்து வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கியிருந்தாள். விரல்கள் சிவந்துவிட்டன. மனைவி அந்தக் கையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் நீட்டினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

"அந்த இஸ்திரிப் பெட்டிய நான் கருக்கலக்கா. உங்க கொழுந்தன்தான். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கெஞ்சினார்."

"அதுக்காக நாலு வருஷமா வாயத் திறக்காம இருந்தியா?"

"அண்ணி வாய்க்கு நான் தாங்க மாட்டேன், நீ தாங்குவேன்னார்."

மனைவி குழாயை மூடினாள். நான் வாசல் பக்கமாக ஓரடி பின்வாங்கினேன். அவளோ முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அது சிரிப்பினால் மட்டும் வந்த நீர்தானா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தம்பிக்கு எப்படியோ சேதி எட்டி, மாலைவரை முடிதிருத்தகத்தில் ஒளிந்திருந்தான். திரும்பி வந்தவனை இரண்டு பெண்களும் சேர்ந்து வரவேற்றார்கள். அதை எழுதத் தங்கள் அகராதியில் உள்ள சொற்கள் போதா. மறுநாள் சுவர் எழுப்ப வந்த கொத்தனாரிடம், ஆள் போக வர வழி விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டினால் போதும் என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ஐயா, அடுத்த பதிப்பில் இச்சொல்லுக்கு 'முதற்கண் இடித்தல்' என்பதை முதற்பொருளாகச் சேர்க்க வேண்டுகிறேன். சரியான சொல்லை எழுதினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு எங்கள் வீடே சான்று. வீட்டுக்காரர் பெருந்தன்மையாளர், சொல்லின் முழுப்பொருளும் அறிந்தவர்.

தங்கள் சொற்கள் பெருகுக, அச்சுப்பிழைகள் அருகுக. தங்கள் இல்லத்துச் சுவர்கள் தேவையான அளவுக்கு மட்டும் நிலைத்து நிற்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுத்தர்
(வீட்டின் இரு பாகத்தார் சார்பாகவும்)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வீட்டுக்காரரின் பதில் வந்தது. என் கடிதத்தில் ஒரு சொல் தமக்கு விளங்கவில்லை என்றும், தாம் வந்து பார்க்கும்வரை சுவரில் ஆணிகூட அடிக்க வேண்டாம் என்றும், ஆள் யாரையும் இன்னும் அனுப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கொத்தனாரைப் பிடித்து விசாரித்தேன். பச்சைக் கேட் போட்ட வீடு என்று மட்டும்தான் அவரிடம் சொன்னார்களாம். அடுத்த தெருவிலும் ஒரு பச்சைக் கேட் இருக்கிறதாம்; சுவரை இடிக்கச் சொன்னது அந்த வீட்டிலாம். எனவே தங்கள் அகராதியில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். வீட்டுக்காரர் சனிக்கிழமை வருகிறார். இல்லாத சுவரை இருப்பதுபோல் குறிக்க மரியாதையான சொல் ஏதேனும் இருந்தால், மறுதபாலில் அனுப்பி உதவவும்.