கோபக்காரக் குடித்தனக்காரி

"அடுத்தது நீங்கதான்" என்று பயிற்சியாளர் கை காட்டியதும் புதுசு எழுந்து நின்றாள்.

வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். குடியிருப்பு மேலாளராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கோபமாக வரும் குடித்தனக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று படிக்க, பல நிறுவனங்களிலிருந்து வந்தவர்களோடு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது செய்முறைப் பாடம். ஒரு நாடக நடிகை சண்டைக்கு வருவார். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும்.

"குறுக்கே பேசாதீங்க. சாக்கு சொல்லாதீங்க. உங்க கஷ்டம் புரியுதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

பயிற்சியாளர் சொல்லி வாய் மூடவில்லை, கதவு படாரென்று திறந்தது. நனைந்த தலையணையோடு ஓர் அம்மாள்.

"மேனேஜருங்க எல்லாரும் இங்கதான் உட்கார்ந்திருக்கீங்களா? போன் பண்ணா எடுக்க நாதியில்ல! என் மாமியார் கட்டிலுக்கு நேர் மேல ஒழுகுது. குடை பிடிச்சுட்டுப் படுத்திருக்காங்க. நான் வேணும்னே நனைய விடறேன்னு நாத்தனார் ஊரெல்லாம் தமுக்கடிக்கிறா!"

தலையணை வரைக்கும் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறாரே, என்ன நடிப்பு என்று புதுசு அசந்துபோனாள்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா."

"புரிஞ்சு என்ன ஆகப்போவுது? எப்ப வந்து பார்ப்பீங்க?"

நடிப்புதானே, இதில் என்ன கஞ்சத்தனம்? "இப்பவே வரேன்."

வகுப்பே கைதட்டியது. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர்கூட விழித்துக்கொண்டு தட்டினார். அந்த அம்மாளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருப்பீங்க. வாங்க, எதிர் பில்டிங்தான்."

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளரின் போன் அடித்தது. கேட்டவர் முகம் வெளிறியது. "நடிகைக்குக் காய்ச்சலாம். வரலையாம்."

எதிர்க் கட்டடம் யார் பொறுப்போ, புதுசுக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கை எந்த முகத்தோடு திரும்பப் பெறுவது? கிளம்பினாள். வழுக்கைத் தலைக்காரரும் எழுந்தார். "டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?"

அங்கே போனதும் முதல் வேலையாக, மாடிப்படிக்கு அடியில் இருந்த பெரிய வால்வைத் திருகி மூடினாள். ஒழுகல் நிற்கவில்லை. மற்ற வீடுகளில் தண்ணீர் நின்றது. தலை முழுக்கச் சோப்பு நுரையோடு ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"உங்க கஷ்டம் புரியுது சார்."

"கண்ணு எரியுதும்மா!"

"அதுவும் புரியுது."

காது கொடுக்க ஆள் வந்திருக்கிறது என்ற சேதி படியேறியது. எரியாத மாடிப்படி விளக்கு, மூடாத கதவு, ராத்திரி முழுக்கக் குறட்டை விடும் பக்கத்து வீட்டுக்காரர் என்று புகார்கள் வரிசை கட்டின. குறுக்கே பேசக் கூடாதே! புதுசு குறட்டையைக்கூடப் பொறுமையாகக் கேட்டாள்.

கேட்டதில்தான் வழி பிறந்தது. "எங்க வீட்டு வாஷிங் மெஷின் இப்பல்லாம் ஆடிக்கிட்டே நடக்குது" என்றாள் மேல்மாடிப் பெண். போய்ப் பார்த்தால், நடந்த மெஷின் குழாயைப் பிடுங்கிக்கொண்டு நின்றது; அடியில் தேங்கிய தண்ணீர்தான் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வழுக்கைத் தலைக்காரர் டார்ச் பிடிக்க, புதுசு தண்ணீரை வழித்துத் தள்ளி, தரையில் படுத்துக் குழாயை மாட்டி முறுக்கினாள். கீழே வந்து வால்வைத் திறந்தாள். மாமியாரின் கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

மாமியார் குடையை மடக்கினார். புதுசின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உன்னைப் பெத்த வயிறு குளிரட்டும்மா." பிறகு மருமகளைப் பார்த்தார். "எனக்காகப் போய்ச் சண்டை போட்டியே, அது போதும்டி எனக்கு."

மருமகள் விசும்பினாள். சோப்புக்காரர் குளித்துவிட்டு எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். வேலையை விட்டுவிடலாமா என்று காலையில்தான் நினைத்திருந்தாள் புதுசு. நல்லவேளை, வகுப்புக்கு வந்தோம் என்று மனசு நிறைந்தது.

வாசலில் வழுக்கைத் தலைக்காரர் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "ரொம்ப நன்றிம்மா."

"ஐயோ, கூட வந்து ஒத்தாசை பண்ணது நீங்க. நான்தான் நன்றி சொல்லணும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லம்மா, இந்த பில்டிங்குக்கு மேனேஜரே நான்தான். உள்ள வந்து பார்க்கறது இன்னிக்குத்தான்."