கடல் பார்த்த படுக்கை

ஸ்கார்னோஸ் தீவில் கோடை பிறந்துவிட்டால் யாரும் தங்கள் வீட்டில் குடியிருப்பதில்லை. இது சட்டம் அல்ல. சட்டமாக இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். ஜூன் வந்ததும் வீட்டுக்காரர்கள் தங்கள் கட்டில், மெத்தை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே உள்ள கடல் ஆகிய அனைத்தையும் வெளிநாட்டு விருந்தினரிடம் ஒப்படைத்துவிட்டு, எண்ணெய் டின்களும் மீன் வலைகளும் கிடக்கும் சாமான் அறைக்குக் குடிபெயர்வார்கள். இலையுதிர் காலத்தில் கடைசிக் கப்பல் போன பிறகு மேலே ஏறி வந்து ஜன்னலைத் திறப்பார்கள். அப்போது மழை பெய்துகொண்டிருக்கும்.

ஸ்ட்ராட்டிஸும் அவர் மனைவி மருஸாவும் கல்யாணமான நாள் முதல் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டு மாடி அறை ஊரிலேயே பேர் பெற்றது. கட்டிலில் படுத்தபடியே சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம். கீழே மணலில் எண்ணெய் பூசிக்கொண்டு ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திரும்பிப் படுக்கும் ஜனங்களையும் பார்க்கலாம். இதெல்லாம் மருஸாவுக்கும் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அந்த அறைக்கு விரிப்பு மாற்றுகிறவள் அவள்தானே. சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெங்காயம் அழுகாமல் இருப்பதற்காகச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் தெரியும்.

"யோவ் ஸ்ட்ராட்டி," என்பாள் படுத்துக்கொண்டே. "ஒரு கோடை, ஒரே ஒரு கோடை, மாடியில படுத்துக்கிட்டு கடலைப் பாக்கணும்யா. டூரிஸ்ட்டு மாதிரி. எதுக்கும் எந்திரிக்கவே கூடாது."

"அடுத்த வருஷம்," என்பார் ஸ்ட்ராட்டிஸ்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருஷம் குளியலறைக்குப் புது ஓடு பதிக்க வேண்டியிருக்கும். அதற்கடுத்த வருஷம் ஏசி இல்லாத அறைக்கு விருந்தினர் முகம் சுளிப்பார்கள். இப்படியே முப்பது கோடை ஓடிவிட்டது. ஒரு மே மாதம், எல்லா அறைகளுக்கும் வெள்ளையடித்து முடித்த கையோடு, மருஸா செத்துப்போனாள். முதல் விருந்தினர் வந்து இறங்குவதற்குள் காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய பொறுப்புணர்ச்சியை ஊரே மெச்சியது.

ஊர்க் கல்லறை மேற்கு முனையில் இருந்தது. அந்தக் காலத்து ஜனங்கள் விவரம் தெரியாதவர்கள். விவசாயத்துக்கு உதவாத இடம் என்று மூன்று பக்கமும் கடல் தெரிகிற பாறையைச் செத்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மருஸாவுக்குக் கிடைத்தது ஓரத்து இடம். காலை நீட்டினால் தண்ணீரில் படும்போல இருக்கும். ஸ்ட்ராட்டிஸ் தினமும் சாயங்காலம் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போய், விளக்குக்கு எண்ணெய் விட்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்து அன்றைய சேதிகளைச் சொல்வார். எந்த அறைக்காரன் படுக்கையில் மணலைக் கொட்டினான், யார் கடையில் ஆக்டோபஸைக் கரியாகச் சுட்டுவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொல்வார். அவருக்கு இருந்த ஆறுதல் ஒன்றே ஒன்றுதான். ஒருவழியாக அவள் படுத்துவிட்டாள், கடலைப் பார்த்தபடி. எழுந்து போய் விரிப்பு மாற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். அவள் போன நாலாவது வருஷம், வசந்தத்தில், ஊராட்சி அலுவலகம் பெரிக்ளிஸ் என்ற இளைஞரைக் காட்சி வள அலுவலராக நியமித்தது. பெரிக்ளிஸ் இந்த ஊர்ப் பையன்தான். ஏதென்ஸில் படித்துவிட்டு, அதன் பிறகு எங்கேயோ வடக்கே போய்ச் சூரியன் மறைவதைப் பார்ப்பது எப்படி என்று இரண்டு வருஷம் மேல்படிப்பு படித்தவர். வந்த உடனே அவர் தீவு முழுவதும் நடந்து ஆய்வு செய்தார். சூரிய அஸ்தமனம் தெரிகிற முதல்தரமான இடத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் கண்டு வேதனைப்பட்டார்.

மறுவாரம் சர்ச் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கோடைப் பருவத்தில் நம் தீவின் உயிருள்ள நிரந்தரவாசிகள் அனைவரும் பொதுநலன் கருதித் தங்கள் கடல் நோக்கிய இடங்களைக் காலி செய்து ஒத்துழைத்து வருகையில், உயிரற்ற நிரந்தரவாசிகள் மட்டும் இதுநாள் வரை எவ்வித ஒத்துழைப்பும் அளிக்கவில்லை என்பது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது."

புதைத்து மூன்று வருஷம் ஆனதும் எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் போட்டு எலும்பறையில் அடுக்குவது எப்படியும் வழக்கம்தான். ஸ்கார்னோஸ்காரர்கள் சோம்பேறிகள் என்பதால் பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே விட்டுவைப்பார்கள். இனி அந்தச் சலுகை கிடையாது என்றது அறிவிப்பு. மூன்று வருஷம் முடித்த மேற்படியார் அனைவரும் உறவினர் சம்மதத்துடன் கோடைக்கு மட்டும் எலும்பறைக்கு மாற்றப்படுவார்கள். சீசன் முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். எலும்பறை சர்ச்சுக்குப் பின்னால், ஜெனரேட்டரை ஒட்டி இருந்தது. அதற்கும் ஜன்னல் கிடையாது.

ஊர் கொதித்தது. ஸ்ட்ராட்டிஸின் பக்கத்து வீட்டுக்காரி ஃபோட்டினி, தன் மாமியாரைத் தொடுகிறவன் கையை முறிப்பேன் என்று காபிக் கடை வாசலில் நின்று சொன்னாள். பாதிரியார் பிரசங்கத்தில் நரகத்தைப் பற்றி விரிவாகவே பேசினார். அன்று மாலை ஒரு துணை அறிவிப்பு வந்தது. சம்மதம் தரும் குடும்பங்களுக்கு ஆகஸ்ட் மாதம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கப்படும் என்று அதில் இருந்தது.

ஸ்கார்னோஸில் ஆகஸ்ட் மாதம் வண்டி நிறுத்த இடம் பிடிப்பது சொர்க்கத்தில் இடம் பிடிப்பதைவிடக் கஷ்டம். மறுநாள் காலை அலுவலக வாசலில் வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆள் ஃபோட்டினி. தன் மாமியார் எப்போதுமே அனுசரித்துப் போகிற சுபாவம் என்று அவள் சொன்னாள். அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை இப்படியொரு பாராட்டை மருமகள் வாயால் கேட்டதில்லை. பாதிரியாரும் தன் தகப்பனாருக்காகக் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டுச் சிலுவை இட்டுக்கொண்டார். ஸ்ட்ராட்டிஸிடம் வண்டி இல்லை. அதனால் அவரிடம் மட்டும் மனசாட்சி மிச்சமிருந்தது.

பெரிக்ளிஸ் அவரை மரியாதையாக அழைத்து நாற்காலி போட்டார்.

"உங்க ஒருத்தர் கையெழுத்துதான் மாமா பாக்கி."

"அவ முப்பது கோடை சாமான் அறையில கெடந்தவ தம்பி. இப்பத்தான் காலை நீட்டிப் படுத்திருக்கா. மறுபடியும் ஜன்னல் இல்லாத எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்."

"உங்க மாடியில இப்ப யாரு மாமா இருக்கா?"

"டென்மார்க்காரங்க."

"நீங்க எங்க படுக்கறீங்க?"

ஸ்ட்ராட்டிஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "கீழதான்."

"பாத்தீங்களா. மூச்சு விடற நீங்களே காலி பண்ணிக் குடுத்திருக்கீங்க. அத்தைக்கு என்ன, புழுங்கவா போகுது?"

மேஜை மேல் தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகம் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஸ்ட்ராட்டிஸ், கோடையில் காலி பண்ண வேண்டாதவர்கள் யார் என்று கேட்டார். டூரிஸ்ட்டுகள் என்றார் பெரிக்ளிஸ், இதுகூடத் தெரியாதா என்ற குரலில். டூரிஸ்ட்டு என்றால் யார் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார் ஸ்ட்ராட்டிஸ். போடாமல் இருப்பார்களா? பெரிக்ளிஸ் புரட்டி எடுத்து, எழுந்து நின்று வாசித்தார். விதிகளை அவர் உட்கார்ந்து வாசிப்பதில்லை.

"சுற்றுலாப் பயணி என்பவர், தன் சொந்தக் கூரையை விட்டு நீங்கி வந்து, குறிப்பிட்ட காலம் மட்டும் தங்கி, வேலை எதுவும் செய்யாமல், பெரும்பாலும் கிடந்த நிலையில் இயற்கைக் காட்சியை அனுபவிப்பவர் ஆவார்."

"இன்னொரு வாட்டி படி தம்பி."

பெரிக்ளிஸ் இன்னொரு முறை படித்தார். பாதியில் அவர் குரல் தடுமாறியது.

"மருஸா வீட்டை விட்டு வந்தவதானே?"

"வந்தவங்கதான்."

"வேலை ஏதாச்சும் பாக்குறாளா?"

"இல்ல."

"எப்படி இருக்கா?"

பெரிக்ளிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிடந்த நிலையில," என்றார்.

பெரிக்ளிஸ் மோசமான ஆள் இல்லை. விதி ஒன்றைச் சொன்னால் தன் தலையே போனாலும் அதன்படி நடக்கிறவர். இது தன் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடும் என்று ஊர் எதிர்பார்த்தது. மேலிடம் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே தனிப் பிரிவு இல்லை. மனுதாரரின் மனைவி சுற்றுலாப் பயணியே என்றும், இதே வகையைச் சேர்ந்த மற்றவர்கள் இருந்தால் அவர்களையும் இந்த ஆண்டின் வருகைக் கணக்கில் சேர்த்து வளர்ச்சியைக் காட்டும்படியும் பதில் வந்தது.

"ஆனா ஒண்ணு மாமா," என்றார் பெரிக்ளிஸ். "டூரிஸ்ட்டுன்னா சீசன் முடிஞ்சதும் கெளம்பிறணும். மத்தவங்க எல்லாம் திரும்பி வர்றப்ப அத்தை பெட்டிக்குப் போயிரணும். அப்புறம் சண்டை போடக் கூடாது."

"போட மாட்டேன்யா. ஒரு கோடைதான் அவ கேட்டா," என்றார் ஸ்ட்ராட்டிஸ். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வாறாக மருஸா தன் சொந்த ஊரில் டூரிஸ்ட்டு ஆனாள். டூரிஸ்ட்டுகளுக்கு மணிக்கட்டில் மாட்டுகிற நீலக் காகித வளையம் ஒன்று அவள் சிலுவையில் கட்டப்பட்டது. வரவேற்பு பானமாக ஒரு கோப்பை ஊஸோ வந்தது, அதை அவள் சார்பில் ஸ்ட்ராட்டிஸ் குடித்தார். வசதிகள் திருப்திதானா என்று விசாரிக்க ஒரு பெண் வந்தாள். குறை ஒன்றும் சொல்லவில்லை என்றார் ஸ்ட்ராட்டிஸ். கண்ணாடி உடைக்காத, துண்டு திருடாத, வைஃபை வேலை செய்யவில்லை என்று மாடியிலிருந்து கத்தாத விருந்தினர் ஒருவர் ஸ்கார்னோஸுக்கு வருவது இதுவே முதல் தடவை என்று அந்தப் பெண் மேலே எழுதி அனுப்பினாள்.

இதற்குள் மேற்கு முனை உருமாறிவிட்டது. காலியான கல்லறைகளின் சலவைக்கற்கள் உயரத்திலும் அகலத்திலும் சாப்பாட்டு மேஜைக்கென்றே செய்தவைபோல இருந்தன. அவற்றின் மேல் வெள்ளைத் துணி விரித்தார்கள். ஃபோட்டினியின் மாமியார் மேல் நாலு பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம். வறுத்த மத்தியும் சுட்ட ஆக்டோபஸும் எலுமிச்சைத் துண்டுகளோடு வரிசையாக வந்தன. சாப்பாடு முடிந்ததும் பாட்டுப் பெட்டிகளை முடுக்கிவிடுவார்கள். அந்தக் கோடையில் முனையில் ஒரு தடவையாவது சாப்பிடாதவர்கள் ஏதென்ஸில் தலைகாட்டவே கூசினார்கள். கசங்கிய வெள்ளை லினன் போட்டுக்கொண்டு வருவதுதான் நாகரிகம் என்று ஆகிவிட்டதால், கசங்காத துணி வைத்திருந்தவர்கள் அறையிலேயே கசக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அலுவலகம் வைத்த பெயர் மௌன இரவு. அதன் சத்தம் பக்கத்துத் தீவு வரைக்கும் கேட்டது.

அத்தனை மேஜைகளுக்கும் நடுவே துணி விரிக்காத கல் ஒன்றுதான். அங்கே விளக்கு எரிந்தது. பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு ஸ்ட்ராட்டிஸ் முக்காலியில் உட்கார்ந்து, பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அன்றைய சேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான காலத்திலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. படுத்திருக்கிறவளும் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் முடியப்போகும் ஒரு சாயங்காலம், கசங்கிய வெள்ளையில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மேஜை எதுவும் காலியில்லை. சூரியன் தண்ணீரைத் தொட்டது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதர் மட்டும் ஓரத்துக் கல்லையும் முக்காலியையும் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, ஸ்ட்ராட்டிஸிடம் குனிந்து, இவ்வளவு அருமையான இடம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பணிவாகக் கேட்டார்.

"என் பொண்டாட்டி பேருல இருக்கு," என்றார் ஸ்ட்ராட்டிஸ். "ரொம்ப வருஷம் காத்துக் கெடந்தா."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் கட்டாயம் நல்ல இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. இது எப்போது காலியாகும் என்று அந்த மனிதர் கேட்டார்.

ஸ்ட்ராட்டிஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. காற்று பாயைக் கிழிக்கும்போது மட்டும் சொல்வதற்காக ஸ்கார்னோஸ் மீனவர்கள் ஒரு வசவு வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் அவர் எழுந்து நின்றார், வாயையும் திறந்தார். ஆனால் அது வாழ்நாள் முழுக்க அறை வாடகைக்கு விட்ட வாய். அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"செப்டம்பர் கடைசியில," என்றது அது. "எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

ஸ்ட்ராட்டிஸ் விளக்கைப் பார்த்தார். கல்லின் அகலத்தை ஒரு தடவை பார்த்தார்.

"ரெண்டு பேருன்னா கொஞ்சம் நெருக்கமாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா கடல் தெரியும்."