சுவரோரம் அறுநூறு பிரதிகள்

காட்டுத்தீ வீடுகளுக்குப் பரவும் விதம் குறித்துப் பதினோரு ஆண்டுகள் ஆராய்ந்த ஆய்வாளர், இறுதியில் ஓர் அரிய உண்மையைக் கண்டறிந்தார். தீ நடந்து வருவதில்லை. பொறியாகப் பறந்து வந்து, சுவரோரம் கிடக்கும் காய்ந்த பொருளில் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே சுவரிலிருந்து ஐந்தடிக்கு எதையும் வைக்கக் கூடாது. இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஒரு வரிக்கு யார் பதவி உயர்வு தருவார்கள்? அறிக்கை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.

அறுநூறு பிரதிகள் அச்சாயின. அலுவலகக் கிடங்கில் பழைய அறிக்கைகள் குடியிருந்ததால், புதியவை 'தற்காலிக ஏற்பாடாக' ஆய்வாளர் வீட்டுக்கு வந்தன. உள்ளே வைக்க மனைவி விடவில்லை. வெளியே மரச்சுவரை ஒட்டி, ஜன்னல் உயரத்துக்கு அடுக்கினார்கள். ஆய்வாளருக்குப் பெருமை பிடிபடவில்லை. போகும்போதும் வரும்போதும் கட்டுகளை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார்.

அந்தக் கோடையில் மேற்குக் குன்றில் புகை தெரிந்தது. தீயணைப்பு நிலையத்து அம்மாள் வரைபடத்தோடு வீடு வீடாக வந்து, தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குச் சிவப்பு வட்டம் போட்டார்.

"சார், இது என்ன?"

"தீ எப்படிப் பரவுதுன்னு எழுதியிருக்கேன்."

"அதான் பார்த்தாலே தெரியுதே. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க."

ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். தலைமை எழுத்தர் எடுத்தார்.

"அலுவலகச் சொத்து சார். இடம் மாத்தணும்னா இயக்குநர் கையெழுத்து வேணும்."

"தீ வந்துட்டிருக்கு."

"அதையும் மனுவுல குறிப்பிடுங்க. விநியோகம்னா அனுமதி வேண்டாம். மக்களுக்குக் குடுக்கத்தானே அச்சடிச்சோம்?"

மனைவி காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். "உங்க புத்தகத்தால வீடு எரிஞ்சா, எங்க அக்காகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றாள். பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக ஆய்வாளருக்குத் தீயைக் கண்டு நிஜமாகவே பயம் வந்தது.

தள்ளுவண்டியில் ஏற்றி, தெருவில் மற்ற முப்பது வீடுகளுக்கும் இருபது இருபதாகக் கொடுத்தார். இலவசம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. "ரொம்ப அவசியமான விஷயம் சார், ஆற அமரப் படிக்கிறோம்" என்று வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு அம்மாள் மறுபடி வந்தார். ஆய்வாளர் தன் வெறும் சுவரைப் பெருமையோடு காட்டினார். அம்மாள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வீட்டிலும் வாசல் சுவரை ஒட்டி, பிரிக்காத கட்டு ஒன்று சாய்ந்திருந்தது.

"ஐந்தடி விஷயத்தை எத்தனாவது பக்கத்துல எழுதினீங்க?"

"முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு," என்றார் ஆய்வாளர். "திட்டாதீங்க. எழுதின நானே அதுவரைக்கும் வரலை."

வெட்கத்தோடு தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டின் மேல் கையை வைத்து மறித்தார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறீங்களே, சார். நாங்க இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலை. அது பாட்டுக்கு இங்கேயே இருக்கட்டும்."

குன்றின் பக்கமிருந்து காற்று திரும்பியது. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு பொறி, கட்டின் மேல் அமைதியாக உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியது.