பதில் வராவிட்டால் திருப்தி

எனக்குக் கோபம் வராத நாளே கிடையாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அபாண்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் போனில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் கேபிள் டி.வி. புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.' டி.வி. ஓடவில்லை. ஆளும் வரவில்லை. புகார் மட்டும் தானாகத் தீர்ந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து கத்தினேன்.

சமையல்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இன்னாத்துக்குடி கத்துற? நீ செய்யாததையா அவன் செஞ்சுட்டான்?"

அதுதான் கொடுமை. நான் செய்ததைத்தான் அவனும் செய்திருக்கிறான். ஒப்புக்கொள்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு கடையில். மீன்பிடி விசைப்படகுகளுக்கு ஜி.பி.எஸ்., ஒயர்லெஸ், தண்ணீருக்கடியில் மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை, இதெல்லாம் விற்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். வருஷத்துக்கு ஒரு தடவை படகுக்காரர்களோடு சர்வீஸ் ஒப்பந்தம் புதுப்பிப்போம். அந்த ஒப்பந்தம் இருந்தால் கடை. இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

என் நைனாவும் காசிமேட்டில் ஒரு படகுக்காரர். சொந்தப் படகு, ஓட்டுவதும் அவரே. அவர் மகளான நான் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கி, அந்தக் கடையில் சேர்ந்து, சர்வீஸ் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து, இந்தக் கூத்து ஆரம்பித்தபோது நாலே மாதம் ஆகியிருந்தது. (நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. யாரும் இல்லாதபோது சுற்றிப் பார்ப்பேன்.)

கடைக்கு வரும் புகார்களையெல்லாம் போனில் வாங்குவது தேசம்மா அக்கா. எதிர்முனையில் ஒருவர் இருமினாலே போதும், எந்தப் படகு என்று சொல்லிவிடுவாள். "இன்னாண்ணே, மறுபடியும் ஒயர எலி கட்ச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதுவாள். என்ன எழுதுவாள் தெரியுமா? 'பச்ச போட்டு. டிவி அவுட்டு.' அவ்வளவுதான். (மீன் காட்டும் திரைக்கு அவள் வைத்த பெயர் டிவி.) அக்கா தன் மகளுக்குப் பிரசவம் என்று ஒரு வாரம் லீவு போட்டபோது அந்த நோட்டை வைத்துக்கொண்டு எங்கள் மெக்கானிக் துறைமுகத்துக்குப் போனார். பாதித் துறைமுகம் பச்சையாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார்.

"தேசம்மா இல்லன்னா கடையே இல்லியா?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அமைதியாக இருந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரை இல்லை. நான் கையைத் தூக்கினேன். "சார், ஹெல்ப் டெஸ்க் சாப்ட்வேர்னு ஒண்ணு இருக்கு."

மூன்று வாரம் அலசினேன். கலர் கலராக ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். மூன்று மென்பொருள் தேறின. ஒன்று விலை குறைவு. ஒன்று பார்க்க எளிமையாக இருந்தது. மூன்றாவதன் விளம்பரத்தில் 'உலகத் தரம்' என்று இருந்தது. எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

விற்க வந்த பையன் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்திலிருந்து காரில் வந்தான். இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான். (மீன் திங்கிற வாய்க்கு மேலேதானே அந்த மூக்கு இருக்கிறது?) "மேடம், உங்க கஸ்டமர்ஸ் எல்லாம் கார்ப்பரேட்டா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கே அவனைத் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன்? "ஆமா, மரைன் செக்டார்" என்றேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றான். ஓட்டிப் பார்த்தோம். என்ன சொல்ல, தேன்! புகார் வந்ததும் சாப்ட்வேர் தானாக வாட்ஸப்பில் விவரம் கேட்கும். ஐந்து நிமிஷத்தில் படகுக்காரர் பதில் போடுவார். போட்டோ அனுப்புவார். வேலை முடிந்ததும் ஐந்து நட்சத்திரம் குத்துவார். நைனா ஒரே புகாருக்கு மூன்று தடவை ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். முதலாளி வருஷ சந்தாவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அமைப்புகளில் ஒரு கேள்வி இருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் புகாரை மூடலாம்? நாற்பத்தெட்டு என்று என் விரலாலேயே தட்டினேன். பக்கத்தில் நின்ற தேசம்மா அக்கா, "மூடறதுன்னா இன்னா பாப்பா?" என்றாள்.

"ரெண்டு நாளா அவங்க பதில் போடலன்னா, திருப்தி ஆயிட்டாங்கன்னு அர்த்தம் அக்கா. அதுவே மூடிடும்."

"பேசலன்னா திருப்தியா? எங்க வூட்டுக்காரு எங்கூட ஒரு மாசம் பேசாத இருந்தாரு. திருப்தியிலயா இருந்தாரு?"

சிரித்தேன். "அக்கா, இது உலகத் தரம்" என்றேன். அதோடு விட்டேனா? அவளுடைய நோட்டை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, "இனிமே இதுல ஒண்ணும் எழுதக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். "சரிங்க மேனேஜரம்மா" என்றாள். அதுவரை என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவள் அவள்.

இப்போது ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த இலவச மாதம், மே மாதம். மே மாதத்தில் கடலில் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகும் கரையில். எல்லா ஆம்பிளைகளும் வலை பின்னிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, கையில் போனோடு வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் ஐந்து நிமிஷத்தில் வராமல் என்ன செய்யும்?

ஜூனில் தடை நீங்கியது. கிளம்புகிற அவசரத்தில் ஆளாளுக்குப் புகார் சொன்னார்கள். "தெர ஒரு மாரி மங்கலா கீதுமா. இந்தத் தடவ ஓட்டிக்கிறேன். வந்ததும் புதுசு மாத்திடு" என்பதுதான் எல்லாருடைய பேச்சும். நைனாவும் தன் ஜி.பி.எஸ். மினுக்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்ட்வேர் ஒவ்வொருவருக்கும் பணிவாகச் செய்தி அனுப்பியது: 'மாடல் எண்ணை உறுதி செய்தால் புதிய பாகம் வரவழைக்கப்படும்.' அதற்குள் அவர்கள் சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தார்கள். போனால் திரும்ப எட்டுப் பத்து நாள் ஆகும்.

மூன்றாம் நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சிவப்பாக இருந்த புகார் எல்லாம் பச்சையாக மாறியிருந்தது. ஒரு புகார்கூட பாக்கி இல்லை! படகு நடுக்கடலில் இருக்கிறது. மெக்கானிக் என் எதிரில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறார். புகார் தீர்ந்துவிட்டது. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. (பட்டம் வாங்கியவள்.) நாற்காலியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு முதலாளியிடம் ஓடினேன். அவருக்கு வாயெல்லாம் பல். படகுகள் திரும்பும் அன்றைக்கே ஒப்பந்தக் கூட்டம் என்று முடிவு செய்தார். லட்டுக்குச் சொல்லிவைத்தார். படம் காட்ட வெள்ளைத் திரை கட்டினார்.

கூட்டத்துக்குப் படகுக்காரர்கள் மீனை இறக்கிவிட்டு நேராக வந்தார்கள். நான் புது சுடிதாரில் எழுந்து நின்று பச்சை வரைபடத்தைக் காட்டினேன். "போன பத்து நாள்ல வந்த புகார் அத்தனையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துல தீர்க்கப்பட்டது" என்றேன். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

நைனா எழுந்தார்.

"தீத்துட்டியா? நா நடுக்கடல்ல கீறேன். நீ எந்தப் போட்டுல வந்து தீத்துட்டுப் போன கோமதி?"

போனைக் கண்ணுக்கு எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். கரை நெருங்கிச் சிக்னல் வந்ததும் எல்லார் போனிலும் மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது அந்தச் செய்தி. "'தங்களிடமிருந்து பதில் வராததால், தாங்கள் திருப்தியடைந்ததாகக் கருதிப் புகார் மூடப்படுகிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' நட்சத்திரமா? ஜி.பி.எஸ். மூணாம் நாளே அவுட்டு. ராவெல்லாம் நட்சத்திரத்தப் பாத்துதாம்மா போட்ட ஓட்டிகினு வந்தேன்!"

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சிரிப்பு. சிரித்து முடித்ததும் கோபம். ஆளாளுக்குப் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். "பதில் போடலன்னா? மீனாண்ட சொல்லி அனுப்பணுமா?" என்றார் ஒருவர். "அத்த வுடு. புதுத் தெர எங்க? மூணு நாள்ல மறுபடி கெளம்பணும்" என்றார் இன்னொருவர்.

புதுத் திரை எங்கேயும் இல்லை. மூடிய புகாருக்குப் பாகம் வரவழைக்கக் கூடாது என்பது உலகத் தரம்.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தேசம்மா, நீ நோட்டுல எழுதி வச்சிருப்பியே?" என்றார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் கும்பிடாத குறையாகப் பார்த்தேன். சினிமாவாக இருந்தால் ரகசியமாக எழுதி வைத்து, பாகமும் வரவழைத்து, கடையைக் காப்பாற்றியிருப்பாள்.

தேசம்மா அக்கா லட்டை மென்று விழுங்கினாள். "எழுதாதன்னாங்க மேனேஜரம்மா. எழுதல." என் பேச்சை அவள் கேட்டு நடந்தது வாழ்க்கையிலேயே அந்தப் பத்து நாள்தான்.

பாதிப் படகுக்காரர்கள் பழகிய முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். மீதிப் பாதி, இதே தொழில் செய்யும் எதிர்க்கடைக்குப் போனது. முதலில் போனது யார்? என்னைப் பெற்றவர்! "கோச்சுக்காத கண்ணு. பாசம் வேற, ஜி.பி.எஸ். வேற" என்று சொல்லி, இரண்டு லட்டை எடுத்துக்கொண்டு போனார். மனுஷனுக்கு லட்டாவது தொண்டையில் சிக்கியிருக்கக் கூடாதா? அடுத்த வாரமே சக்கரம் வைத்த மேனேஜர் நாற்காலி மாடியில் காலியாக நின்றது. நான் கீழே, போனுக்குப் பக்கத்தில், தேசம்மா அக்காவுக்கு உதவியாளாக ஸ்டூலில்.

விற்றவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "எங்க ஆளுங்க பத்து நாள் கடல்ல இருப்பாங்கய்யா!" என்றேன். "அப்போ எல்லாருக்கும் சாட்டிலைட் போன் வாங்கிக் குடுத்துடுங்க மேடம்" என்றான். அதற்கு நான் சொன்ன பதில் அச்சில் வராது. வடசென்னையில் பிறந்ததன் பலனை அன்றுதான் முழுசாக அனுபவித்தேன்.

ஆனால் அவன் மேல் உள்ள கோபம் ஆறிவிட்டது. அவனுக்குக் கடல் தெரியாது. எனக்குத் தெரியுமே! சின்ன வயதில் நைனா கடலுக்குப் போனால் பத்து நாள் ஒரு தகவலும் இருக்காது. அந்தப் பத்து நாளும் அம்மா யாரோடும் பேசாமல், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பாள். பதில் வரவில்லை என்றால் எங்கள் வீட்டில் அதற்குப் பயம் என்று பெயர். ஒரு நாளும் திருப்தி என்று பெயர் இருந்ததில்லை. அதை மறந்துவிட்டு நாற்பத்தெட்டு என்று தட்டினேன் பாருங்கள், அந்த விரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு வாரம் தகவல் இல்லை. "பதில் காணோம். அப்ப திருப்திதான். மண்டபம் பாத்துடலாமா?" என்றார் நைனா. நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தால், ஒரு நாள் விட்டு மறுநாள் அம்மா வந்து, "நாப்பத்தெட்டு மணி நேரம் ஆச்சு. உன் கோவத்த மூடிட்டோம், எழுந்து வா" என்பாள்.

போன வருஷம் எதிர்க்கடைக்காரர் போன் செய்தார். "நீ வாங்கினியே ஒரு சாப்ட்வேரு, அத்த நாங்க ஒரு மாசமா ஓட்டிப் பாக்குறோம். சோக்கா போவுதுமா. வாங்கலாமா?"

"எந்த மாசம்ணே?"

"இந்த மாசந்தான். தடைக்காலத்துல."

அரை மணி நேரம் தொண்டை வறளச் சொன்னேன். கடல், சிக்னல், நாற்பத்தெட்டு, நட்சத்திரம், ஒன்று விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொறாமையில பேசாதம்மா" என்று போனை வைத்துவிட்டார். மறுநாளே வாங்கிவிட்டாராம்.

அதே வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை, நைனா ஜி.பி.எஸ்.ஸைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு எங்கள் கடைப் படியேறினார். என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தேசம்மா அக்காவிடம் போய், "எழுதிக்கோ" என்றார்.

அக்கா டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். "எதிர்க்கடைக்கு எத்தினி ஸ்டாருண்ணே?" என்றாள்.

நைனா பதில் சொல்லவில்லை. திருப்தி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.