திவாலாவதற்குச் சேர்த்த காசு

கையில் காசு இல்லாதவன் திவாலாக முடியாது. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீதிமன்றத்தில் மனுப் போடக் கட்டணம், திவால் இலாகாவுக்கு முன்பணம், சத்தியப் பத்திரத்துக்கு ஒரு தொகை. 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று அரசாங்கத்திடம் சொல்வதற்கே முதலில் நோட்டுகளை எண்ணி வைக்க வேண்டும். (வழக்கறிஞர் இதை விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கட்டணத்தை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.)

ஈப்போ புந்தோங்கில் எனக்கு ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமக்கிரியை அட்டை. பெருந்தொற்றுக்குச் சற்று முன், மிகச் சரியாக நேரம் பார்த்து, வங்கிக் கடனில் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றன. பிறகு நடந்த கல்யாணங்களுக்கு அழைப்பு கைப்பேசியிலேயே போனது. நான் வரலாற்று நூல்களாக வாங்கிப் படிப்பவன். எந்தப் பேரரசு எந்தத் தவறால் சரிந்தது என்று தேதியோடு சொல்வேன். என் கடை சரிந்தது மட்டும் வங்கி மூன்றாவது கடிதம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வசூல்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள், நான் எடுக்கவில்லை. உடனே என் மனைவி சாந்தி வேலை பார்க்கும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "இன்னொரு கால் வந்தா வேற வேல பாத்துக்க லா," என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நானாகவே மனுப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஓயும் என்றார் வழக்கறிஞர். திங்கட்கிழமை காலை பணத்தோடு வரச் சொன்னார்.

பணத்தைப் புரட்டியது சாந்திதான். எங்கள் தெருப் பெண்கள் கூட்டுப் போடுவார்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. நடத்துபவர் லெட்சுமி அக்கா. அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, சாந்தி தன் முறையை முன்னாலேயே வாங்கி வந்தாள். லெட்சுமி அக்கா சீனப் பெருநாளுக்கு மிஞ்சிய சிவப்பு அங்பாவ் உறையில்தான் எப்போதும் காசைப் போட்டுத் தருவார். இதில் தங்க மீன் படம் போட்டிருந்தது.

"என்னன்னு சொல்லி வாங்கின?"

"உங்களுக்குப் பல்லு கட்டணும்னு."

என் முன்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது உண்மை. இனிமேல் லெட்சுமி அக்காவைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவாயிற்று.

இடையில் வந்தது ஞாயிற்றுக்கிழமை. தாப்பா பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் போய்விட்டன; மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. எங்கெங்கோ சிதறியவர்கள் திருவிழாவுக்கு வருடத்தில் ஒரு நாள் கூடுவோம். அந்த வாரம்தான் எங்கள் தெருவில் ஒரு வீட்டை உடைத்துத் திருடியிருந்தார்கள். அதனால் உறையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். (சட்டை மெல்லிய வெள்ளை ஜிப்பா. தங்க மீன் வெளியே தெரிந்தது.)

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். திருவிழா மலரில் தோட்டத்து வரலாற்றை எழுதுபவன் நான். எந்த வருடம் எந்த லயனுக்குக் கரண்டு வந்தது, எந்தக் கங்காணிக்குப் பிறகு எந்தக் கங்காணி என்றெல்லாம். அதற்கு முந்தைய வருடம், யாரும் கேட்காமலேயே, ஒரு பக்கத்தைக் கூடுதலாகச் சேர்த்திருந்தேன். தலைப்பு: 'ஒலிபெருக்கியில் உபயம் அறிவித்து இதுவரை செலுத்தாதோர்.' முதல் பெயர் லோரி ஓட்டும் மணியம். தேதி போட்டிருந்தேன். காலையா மாலையா என்றும் போட்டிருந்தேன்.

பூசை முடிந்தது. கோயில் தலைவர் கோவிந்தன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். எங்கள் கோயிலில் யாரிடமும் முன்கூட்டிக் கேட்பதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

"பக்தகோடிகளே! நம்ம மண்டபத்துல வேக்காடு தாங்கல. பேக்டரில மாட்டுவாங்களே, அந்த மாதிரி பெரிய காத்தாடி ஒண்ணு வேணும். நம்ம வரலாற எழுதுன ஈப்போ அச்சக முதலாளி, தம்பி வரதன் அவர்கள்..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

தலையை இடம் வலமாக ஆட்டியிருக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.

பின்னாலிருந்து மணியத்தின் குரல்: "அண்ணே, காசு கையிலயா, வாயிலயா? வாயிலன்னா அடுத்த மலர்ல எம்பேருக்குக் கீழ உங்க பேரயும் போட்டுருங்க லா!"

மண்டபமே சிரித்தது. என் கை பைக்குள் போனது. தங்க மீன் கோவிந்தன் அண்ணனின் தட்டில் விழுந்தது. "ரொக்கமாகவே கொடுத்துவிட்டார்!" என்று ஒலிபெருக்கி அலறியது. செம்பனை மரங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அன்னதானப் பந்தியில் சாந்தி சாம்பார் வாளியோடு நின்றாள். பக்கத்தில் சோற்றுத் தட்டோடு லெட்சுமி அக்கா. திருவிழாவுக்கென்று புந்தோங்கிலிருந்து எங்களோடு வேனில் வந்தவர்.

"சாந்தி, அது நம்ம உறை மாதிரியில்ல இருக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, வாயத் தொற."

திறந்தேன்.

"பல்லு எங்க? அம்மனுக்குக் கட்டிட்டியா?"

பந்தியில் இருந்தவர்கள் கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்தார்கள். சாந்தி வாளியைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"பல்லுக்கு இல்லக்கா. கட முழுகிப் போச்சு. நாளைக்கு இவரு திவால் ஆவுறதுக்குக் கட்ட வேண்டிய காசு."

மணியம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றான். அவன் இன்னொரு முறை கேலி செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கோவிந்தன் அண்ணன் இறங்கி வந்து உறையை நீட்டினார். "எடுத்துக்க வரதா. அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

இந்த இடத்தில் பேனா நகர மறுக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொடுத்தது கொடுத்ததுதான் அண்ணே." சொல்லிவிட்டு மார்பை வேறு நிமிர்த்தினேன். சாந்தி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மலரிலும் தேதி போட முடியாது.

திரும்பி வரும் வேன் கோப்பெங்கைத் தாண்டியது. பிறகு லெட்சுமி அக்கா கைப்பையைத் திறந்தார். போன மாதக் கூட்டு அவருடைய முறை. மகள் வீட்டுக்குக் கூரை மாற்ற வைத்திருந்தது. அந்தக் காசு இருந்த இன்னொரு சிவப்பு உறையைச் சாந்தி மடியில் போட்டார். எனக்குத் தரவில்லை.

"இந்தத் தடவ என்னன்னு சொல்லிக்கிறது? கண்ணாடிக்கா?"

"திவாலுக்குன்னே சொல்லுங்கக்கா," என்றாள் சாந்தி.

திங்கட்கிழமை காசு கட்டியாயிற்று. பிறகு விசாரணையில், அண்மையில் யாருக்காவது ஏதாவது இனாமாகக் கொடுத்தீர்களா என்று அதிகாரி அம்மாள் மலாயில் கேட்டார். அம்மனுக்கு ஒரு காத்தாடி என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அழைப்புகள் நின்றன. சாந்தியின் வேலை தங்கியது. அந்தச் சம்பளத்திலிருந்துதான் லெட்சுமி அக்காவின் கடன் அடைந்தது. செலுத்தாதோர் பக்கத்தை மலரிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் காத்தாடியின் ஒவ்வோர் இறக்கையிலும் 'உபயம்: வரதன், ஈப்போ' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டார்கள். என் பெயரில் இன்று உலகத்தில் இருக்கும் சொத்து அதுதான். அதுவும் சுற்றும்போது படிக்க முடியாது.

எங்கள் வீட்டில் அதற்குக் 'காத்தாடி' என்று பெயரில்லை. திருவிழா அன்று மண்டபம் புழுங்கும்போது என் மகள், "அப்பா, வேக்குது, பல்லப் போடுங்க," என்பாள். நான் போய்ச் சுவிட்சைத் தட்டுவேன். சாந்தி நேராக அதன் அடியில் போய், அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, சேலைத் தலைப்பைத் தளர்த்திக்கொண்டு அமர்வாள். காத்து அவளுடையது. நான் ஓரமாக, வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.