லவுட்ஸ்பீக்கர் அண்ணை தந்த பல்லுக்கொதி

கொழும்பு வெள்ளவத்தையில் அடுத்தவருக்குத் தெரியாமல் நோய்வாய்ப்பட முடியாது. அதற்கு முழுப் பொறுப்பும் லவுட்ஸ்பீக்கர் அண்ணைதான். எங்கள் சின்ன ஒழுங்கை, காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஏறும் மூலையில் ஒரு பாமசி. அங்கே மருந்து கொடுப்பவர் அவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மாத்தறை ரயில் கூவிக்கொண்டு போனாலும் அவர் குரல் அதற்கு மேலால் கேட்கும்.

ஒரு நாள் டை கட்டிய வங்கி மனேஜர் ஒருவர் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நாலாக மடித்து நீட்டினார். அண்ணை அதை விரித்துப் படித்துவிட்டு, "மூலத்துக்கு வந்தது ஆர்? பூசுறதோ, உள்ளுக்கு வைக்கிறதோ?" என்று கேட்டார். மனேஜர் அன்றிலிருந்து பக்கத்து ஊர் தெகிவளையில் மருந்து வாங்குகிறார். சிங்களவர் வந்தால் சிங்களத்தில் மானம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஏன் இப்படி என்று கேட்டால், "வருத்தம் என்ன களவெடுத்த சாமானே, ஒளிச்சு வைக்க?" என்பார்.

என் துண்டில் இருந்தது மனச்சோர்வுக்கான குளிசை. வேலைக்கு வெளிக்கிட்ட ஒரு காலை, சீப்பைக் கையில் பிடித்தபடி மத்தியானம் வரை கட்டிலிலேயே இருந்துவிட்டேன். பிறகு டொக்டர் தந்த குளிசைதான் என்னை மெல்ல மெல்ல எழுப்பி நடக்க வைத்தது. ஒழுங்கைக்குத் தெரிந்தால் விசர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "அண்ணை, இதை மட்டும் சத்தம் போட்டுச் சொல்லாதேங்கோ" என்று கெஞ்சினேன்.

அவர் இரகசியம் பேச முயன்றார். அது இன்னும் மோசம். அவர் குசுகுசுத்ததைக் கண்டு கடையில் நின்ற எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கிட்ட வந்துவிட்டார்கள். அண்ணை நிமிர்ந்து, "இந்தப் பிள்ளைக்குப் பல்லுக்கொதி" என்று அறிவித்தார்.

அதோடு என் பல் ஊர்ச் சொத்தாகிவிட்டது. மேல்மாடி மாமி பல்வலிக்கு நல்லதென்று கராம்பு எண்ணெய் கொண்டுவந்து தந்தார். ஒரு கலியாண வீட்டில் எனக்கு மட்டும் முறுக்குத் தட்டை நீட்டாமல் தாண்டிப் போனார்கள். முறுக்கென்றால் எனக்கு உயிர்.

பிறகு எல்லாச் சாமானுக்கும் விலை ஏறியது. என்னுடைய பெரிய கம்பனிக் குளிசை வீட்டு வாடகையோடு போட்டி போடத் தொடங்கியது. நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில், ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். தலை சுற்றியது. சும்மா இருந்தாற்போல அழுகை வந்தது. சீப்பு மறுபடியும் கையிலேயே நின்றது.

அண்ணை பிடித்துவிட்டார். "பிள்ளை, நீர் போன கிழமையே வந்திருக்க வேணும். குளிசை என்ன குட்டி போட்டதோ?"

விலையைச் சொன்னேன்.

"இதே மருந்தை வேற கம்பனியும் செய்யுது. விலை பாதிக்கும் குறைவு. டொக்டரிட்டக் கதைச்சு எழுதிக்கொண்டு வாரும். விட்டு விட்டுப் போடுற விளையாட்டு வேண்டாம்."

"மலிவுக் குளிசை வேலை செய்யுமோ அண்ணை?"

"உமக்குச் சுகம் தந்தது உள்ளுக்கிருக்கிற மருந்தோ, பெட்டியில அடிச்ச பேரோ?"

டொக்டர் சம்மதித்து எழுதித் தந்தார். நாள் தவறாமல் போடச் சொன்னார், வித்தியாசம் தெரிந்தால் உடனே வரச் சொன்னார். புதுக் குளிசைக்கு நிறமும் வேறு, வடிவமும் வேறு. பழைய காலை திரும்பி வந்துவிடுமோ என்று எனக்கு நல்ல பயம்.

அந்தக் கிழமைகளில் பின்னேரம் பஸ்ஸால் இறங்கும்போதே வீதிக்கு மற்றப் பக்கத்திலிருந்து கேட்கும்: "பிள்ளை, பல்லு எப்பிடி? நித்திரை கொள்ள விடுதோ? சாப்பிடுறீரோ?" நானும் வாகனங்களுக்கு மேலால் பதில் கத்துவேன். ஒரு நாள் எனக்குக் குரல் வரவில்லை. அண்ணை கடையில் நின்ற சனத்தை விட்டுவிட்டு, குளிசை எண்ணும் தட்டோடு காலி வீதியைக் கடந்து வந்து, என் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். அடுத்த நாளே டொக்டரிடம் போனேன். மெல்ல மெல்ல எல்லாம் சரிவந்தது. சீப்பும் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

சில மாதங்கள் கழித்துக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணை, பல்லுக்கொதி தாங்கேலாமல் கிடக்கு."

அவர் முகம் செத்துப்போனது. என்னை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் இருத்தினார். முதல் தடவையாக அவர் குரல் உண்மையிலேயே இறங்கியிருந்தது. "குளிசையை விட்டிட்டீரோ? சல்லி இல்லாட்டி எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்."

"இல்லை அண்ணை, குளிசை ஒழுங்காப் போடுறன். இது மெய்யாவே பல்லு."

வாயைத் திறந்து காட்டினேன். டோர்ச் அடித்துப் பார்த்தார். கடைவாயில் நல்ல பெரிய சூத்தை. "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடை முழுவதற்கும் கேட்க, "இந்தப் பிள்ளைக்குப் பல்லுக்கொதி" என்றார். மருந்துக்கு நின்ற மேல்மாடி மாமி, "அது பழைய கதைதானே" என்றார்.

அடைப்பதைவிடப் பிடுங்குவது மலிவு என்று பல் டொக்டர் சொன்னார். நானும் செலவுக்குப் பயந்தவள்தான். ஆனாலும் அந்தப் பல்லைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.